திருச்சி – யாழ்ப்பாணம் விமானப் பயணம்: தூரம் எவ்வளவு? நேரம் எவ்வளவு?



ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரர் நம்மை அழைத்தார். யாழ்ப்பாணத்தில் இருந்த அவருடைய சாச்சி (தாயின் தங்கை) வஃபாத்தாகிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. அஸருக்குப் பின் ஜனாஸா. "திருச்சியிலிருந்து விமானம் ஒரு மணி நேரம்தானே ஹஜ்ரத்? மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் அல்லவா?" என்று கேட்டார். நாமும் யோசிக்காமல், "போய் வாருங்கள், இன்ஷா அல்லாஹ் கிடைத்துவிடும்" என்று சொல்லிவிட்டோம்.

கிடைக்கவில்லை. அவர் திருச்சிக்குப் போகும் வழியில் இருந்தபோதே அந்த விமானத்துக்கான பயணிகள் பதிவு முடிந்துவிட்டது. மறுநாள்தான் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். கப்ரின் அருகே நின்று தொழுதுவிட்டு நம்மை அழைத்தார். நம்மைக் குறை சொல்லவில்லை. ஆனால் 'ஒரு மணி நேரம்' என்ற சொல்லை விசாரிக்காமல் வழிமொழிந்தோமே என்ற வருத்தம் நமக்கு இருந்தது.

அதன் பிறகு இந்தப் பாதையைப் பற்றிய விவரங்களைச் சேகரித்தோம். கணக்கிட வேண்டியதைக் கணக்கிட்டோம். நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் தொழுகை, நோன்புச் சட்டங்களையும் சேர்த்து இங்கே தருகிறோம். இரு கரையிலும் உறவுகள் உள்ள குடும்பங்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

சுருக்கமாக

• விமான நிலையங்கள்: திருச்சிராப்பள்ளி பன்னாட்டு விமான நிலையம் (குறியீடு: டி.ஆர்.இசட்), பலாலியில் உள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் (குறியீடு: ஜே.ஏ.எஃப்)
• நேர்கோட்டுத் தூரம்: சுமார் 184 கிலோமீட்டர் (114 மைல், 99 கடல் மைல்)
• திசை: திருச்சியிலிருந்து தென்கிழக்கு
• கால அட்டவணைப்படி பயண நேரம்: சுமார் 1 மணி நேரம்
• நேர வித்தியாசம்: இல்லை. இரு ஊரிலும் கடிகாரம் ஒன்றே
• வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை: 6 முதல் 8 மணி நேரம்

கடைசி வரிதான் பலருக்கும் தெரியாதது. நம் சகோதரருக்கு அன்று தேவைப்பட்டதும் அதுதான்.

184 கிலோமீட்டர் என்பது எந்தத் தூரம்?

பூமியின் மேற்பரப்பில் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தூரத்தைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். பூமி உருண்டை என்பதால், வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளப்பதை விட இந்த முறை துல்லியமானது. இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை வைத்து இதைக் கணக்கிடுகிறார்கள். திருச்சி விமான நிலையம் வடக்கே 10.77 பாகையிலும் கிழக்கே 78.71 பாகையிலும் உள்ளது. பலாலி வடக்கே 9.79 பாகையிலும் கிழக்கே 80.07 பாகையிலும் உள்ளது. இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் ஏறத்தாழ 184 கிலோமீட்டர் வருகிறது.

ஒரே தூரத்தை ஒருவர் 184 என்பார், இன்னொருவர் 114 என்பார், வேறொருவர் 99 என்பார். மூன்றும் சரியே. முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது நாம் சாலையில் பேசும் மைல், மூன்றாவது விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். எண்ணைக் கேட்டால் அது எந்த அளவு என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த நேர்கோட்டை வரைபடத்தில் வரைந்து பார்த்தால் நம் மக்களுக்குப் பழக்கமான ஊர்கள் வருகின்றன. திருச்சியில் தொடங்கும் கோடு கந்தர்வகோட்டை அருகே சென்று, பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் இடையே புகுந்து, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் நடுவே கடற்கரையைத் தாண்டுகிறது. அதன் பிறகு பாக் நீரிணை. ஏறத்தாழப் பாதித் தூரம் நிலம், பாதித் தூரம் கடல். உண்மையில் விமானம் இந்தக் கோட்டிலேயே பறக்கும் என்று சொல்ல முடியாது. வான்வழிக் கட்டுப்பாட்டு நிலையம் காட்டும் பாதையிலும், ஓடுதளத்தில் இறங்குவதற்கு வசதியான திசையிலும் வளைந்து செல்லும். ஆகவே பறக்கும் தூரம் 184ஐ விடக் கூடுதலாகவே இருக்கும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அதிராம்பட்டினத்துக்காரர் யாழ்ப்பாணம் போக வேண்டுமானால், முதலில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையில் திருச்சிக்குப் போக வேண்டும். பிறகு விமானம் ஏறி, ஏறத்தாழத் தம் ஊரின் மேலாகவே கடலைத் தாண்ட வேண்டும். அவர் ஊரிலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் சுமார் 97 கிலோமீட்டர்தான்.

வேறு சில தூரங்களுடன் ஒப்பிட்டால் நிலைமை இன்னும் விளங்கும். இவை எல்லாம் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு நேர்கோட்டுத் தூரங்கள்:

• திருச்சி – யாழ்ப்பாணம்: சுமார் 184 கி.மீ.
• கொழும்பு (கட்டுநாயக்க) – யாழ்ப்பாணம்: சுமார் 289 கி.மீ.
• திருச்சி – சென்னை: சுமார் 293 கி.மீ.
• சென்னை – யாழ்ப்பாணம்: சுமார் 354 கி.மீ.
• திருச்சி – கொழும்பு (கட்டுநாயக்க): சுமார் 417 கி.மீ.

யாழ்ப்பாணத்துக்குக் கட்டுநாயக்கவை விடத் திருச்சி அருகில் இருக்கிறது. திருச்சிக்குச் சென்னையை விட யாழ்ப்பாணம் அருகில் இருக்கிறது.

22 நிமிடத் தூரத்துக்கு ஏன் ஒரு மணி நேரம்?

இந்தப் பாதையில் ஏ.டி.ஆர். 72 என்ற விமானம் பறக்கிறது. இறக்கையின் இரு பக்கமும் சுழலி (புரொப்பெல்லர்) உள்ள, எழுபதுக்குச் சற்று அதிகமான இருக்கைகள் கொண்ட சிறிய விமானம். முழு வேகத்தில் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் செல்லும். 184ஐ 500ஆல் வகுத்தால் 22 நிமிடம் வருகிறது. ஆனால் பயணச்சீட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று இருக்கும். ஏமாற்றுக் கணக்கு ஒன்றும் இல்லை. காரணங்கள் இவை:

ஒன்று, அட்டவணையில் உள்ள நேரம் வானில் பறக்கும் நேரம் அல்ல. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து, போய்ச் சேர்ந்து நிறுத்துமிடத்தில் நிற்கும் வரை உள்ள நேரம். இதை விமானத் துறையில் 'பிளாக் டைம்' என்பார்கள். ஓடுதளத்துக்கு ஊர்ந்து செல்வதும் அனுமதிக்குக் காத்திருப்பதும் இதற்குள் அடக்கம்.

இரண்டு, விமானம் முழு வேகத்தில் செல்வது பயணத்தின் நடுப்பகுதியில் மட்டுமே. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவு. குறுகிய பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பகுதியாகி, நடுப்பகுதி சில நிமிடங்களில் முடிந்துவிடும். நீண்ட பயணத்தைப் போல் தூரத்தை வேகத்தால் வகுத்து இங்கே நேரம் சொல்ல முடியாது.

மூன்று, காற்றும் மழையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாக் நீரிணைப் பகுதியில் மேகமும் காற்றும் மிகும். சிறிய விமானங்கள் தாமதமாவதும், சில நாட்களில் ரத்தாவதும் உண்டு.

வாசலிலிருந்து வாசல் வரை

பயணம் என்பது விமானத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் அல்ல. இது வெளிநாட்டுப் பயணம். கடவுச்சீட்டுச் சோதனை, சுங்கச் சோதனை எல்லாம் உண்டு. வெளிநாட்டுப் பயணிகள் மூன்று மணி நேரம் முன்னதாக வரும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள். புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரமோ அதற்கும் முன்போ பதிவு மூடப்பட்டுவிடும். சரியான நேரம் உங்கள் பயணச்சீட்டில் இருக்கும்.

திருச்சி நகரில் வசிப்பவருக்கான உத்தேசக் கணக்கு:

• வீட்டிலிருந்து விமான நிலையம்: அரை மணி நேரம்
• விமான நிலையத்தில்: 3 மணி நேரம்
• விமானம்: 1 மணி நேரம்
• பலாலியில் குடிவரவுச் சோதனை, பெட்டி எடுத்தல்: முக்கால் மணி நேரம்
• பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரம் (சுமார் 16 கி.மீ.): 40 நிமிடம்

மொத்தம் ஏறத்தாழ 6 மணி நேரம். அதிராம்பட்டினம், பேராவூரணி பக்கத்திலிருந்து வருபவர்கள் திருச்சிக்கான சாலைப் பயணத்துக்கு இரண்டரை மணி நேரம் வைத்துக்கொண்டால் 8 மணி நேரம். நம்மை அழைத்த சகோதரருக்குக் காலை ஒன்பது மணிக்கே இந்தக் கணக்கு தெரிந்திருந்தால், அன்றைய விமானம் தமக்கு இல்லை என்பதை அப்போதே உணர்ந்திருப்பார். வீட்டார் மையித்தை வைத்துக்கொண்டு காத்திருக்கலாமா என்று தவித்திருக்க மாட்டார்கள். ஜனாஸாவைத் தாமதப்படுத்தாமல் அடக்குவதே மார்க்கம் காட்டும் வழி. வர முடியாது என்பதை உரிய நேரத்தில் சொல்லிவிடுவதும் மையித்துக்குச் செய்யும் உதவிதான்.

கொழும்பு வழியாகச் செல்வதா?

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறி, அங்கிருந்து பேருந்திலோ ரயிலிலோ யாழ்ப்பாணம் செல்வதே பலரின் வழக்கமாக இருந்தது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சாலையில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஏழு, எட்டு மணி நேரம் ஆகும். விமானப் பயணத்தையும் காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு முழு நாள் போய்விடும். வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் அழைத்துச் செல்வோருக்குப் பலாலி வழி பெரும் இலகு.

ஆனால் எல்லோருக்கும் அல்ல. உறவினர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். 1990 அக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டது நாம் அறிந்ததே. யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு ஊரைக் காலி செய்ய இரண்டு மணி நேரமே கொடுக்கப்பட்டது. தலைமுறைகளாகச் சோனகத் தெருவில் வாழ்ந்தவர்கள் புத்தளத்திலும் பிற ஊர்களிலும் அகதிகளாகக் குடியேறினார்கள். போர் முடிந்த பின் ஒரு பகுதியினர் திரும்பிவிட்டார்கள். பெரும் பகுதியினர் இன்னும் புத்தளப் பகுதியிலேயே இருக்கிறார்கள். எனவே 'யாழ்ப்பாணத்து உறவினர்' என்று நாம் சொல்லும் பலர் இப்போது வசிப்பது புத்தளத்தில். புத்தளத்துக்குப் பலாலியை விடக் கட்டுநாயக்கதான் அருகில். பயணச்சீட்டு எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மன்னாருக்குச் செல்வோர் இரு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-32 சாலை பூநகரி வழியாக மன்னார் பக்கம் செல்கிறது.

கடல் வழியும் உண்டு. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கப்பட்டது. இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. தூரம் சுமார் 110 கிலோமீட்டர். கடலில் நான்கு மணி நேர அளவு ஆகும். மழைக்காலத்தில் நிறுத்தப்படுவது வழக்கம். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பகுதி மக்களுக்கு, கப்பல் ஓடும் காலங்களில், வாசலிலிருந்து வாசல் வரை கணக்கிட்டால் விமானத்தை விட இது அதிகம் பிந்துவதில்லை.

தூரம் மாறவில்லை, வழிதான் மூடியிருந்தது

பலாலி விமான ஓடுதளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையால் அமைக்கப்பட்டது. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பின் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. பின்னர் பல ஆண்டுகள் பலாலியிலிருந்து தென்னிந்தியாவுக்கு விமானங்கள் பறந்தன. உள்நாட்டுப் போர் அந்த வழியை மூடியது. பலாலி ராணுவத் தளமானது. சுற்றியிருந்த ஊர்களின் மக்களும் தங்கள் நிலங்களை விட்டு வெளியேற நேர்ந்தது.

2019 அக்டோபர் 17 அன்று அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து வைக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் வரத் தொடங்கியது. சில மாதங்களில் கொரோனா பரவலால் நின்றது. 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோ சென்னை – யாழ்ப்பாணம் சேவையைத் தொடங்கியது. திருச்சி – யாழ்ப்பாணம் நேரடி சேவை 2025 மார்ச் 30 முதல் வந்தது. இந்தப் பக்கம் திருச்சியிலும் புதிய பெரிய முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறந்து வைக்கப்பட்டு, அதே ஆண்டு ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது.

1950இலும் 184 கிலோமீட்டர்தான், 1990இலும் அதேதான், இன்றும் அதேதான். இடையில் ஒரு தலைமுறை, வாப்பாவின் மையித்தைப் பார்க்க முடியாமலும், பேரப்பிள்ளையைத் தூக்க முடியாமலும் இருந்துவிட்டது. அதனால்தான் இந்தச் சிறிய விமானத்தை நாம் சாதாரணமாக எண்ணுவதில்லை.

கஸ்ர் தொழலாமா?

'ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறோம். களைப்பும் இல்லை. இதற்குப் பயணச் சலுகை உண்டா?' என்று பலரும் கேட்கிறார்கள். உண்டு. கஸ்ர் தொழுகைக்கு அளவு தூரம்தான். களைப்போ கடிகாரமோ அல்ல. ஷாஃபிஈ மத்ஹபில் அந்தத் தூரம் 16 ஃபர்ஸக். அதாவது அக்கால மைல் கணக்கில் 48. இதை இன்றைய அளவில் ஏறத்தாழ 81 கிலோமீட்டர் அல்லது சற்றுக் கூடுதலாக உலமாக்கள் கணக்கிடுகிறார்கள். ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் பயணத் தூரம் என்பது அடிப்படை. நடைமுறையில் சுமார் 77 கிலோமீட்டர் எனக் கொள்கிறார்கள். 184 எந்தக் கணக்கிலும் அதைத் தாண்டிவிடுகிறது.

ஹிஜ்ரி 676இல் வஃபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜ் நூலில் கடல் பயணத்தையும் தரைப் பயணத்தின் சட்டத்திலேயே சேர்க்கிறார்கள். நல்ல காற்று கிடைத்துக் கப்பல் விரைவாகவே சேர்ந்துவிட்டாலும், தூரம் நிறைவாக இருந்தால் சலுகை உண்டு என்பதே அதன் கருத்து. விமானம் இல்லாத காலத்திலேயே நம் இமாம்கள் தூரத்தையும் நேரத்தையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை:

• சலுகை தொடங்குவது சொந்த ஊரின் எல்லையைத் தாண்டிய பிறகு. திருச்சி விமான நிலையம் மாநகர எல்லைக்குள் இருப்பதால், திருச்சிவாசி அங்கே தொழுதால் முழுமையாகவே தொழ வேண்டும். வெளியூரிலிருந்து வந்தவர் தம் ஊரைத் தாண்டியபோதே முஸாஃபிர் ஆகிவிட்டதால், விமான நிலையத்தில் சுருக்கித் தொழலாம்.

• போய்ச் சேரும் ஊரில் எத்தனை நாள் தங்கப் போகிறீர்கள் என்பது முக்கியம். ஷாஃபிஈ மத்ஹபில், சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாள் தங்கும் நிய்யத் இருந்தால், ஊரை அடைந்ததும் சலுகை முடிந்துவிடும். ஹனஃபி மத்ஹபில் அது 15 நாள். யாழ்ப்பாணமே சொந்த ஊராக இருப்பவருக்கு, ஊருக்குள் நுழைந்ததும் பயணம் முடிந்துவிடும்.

• லுஹர் – அஸர், மஃரிப் – இஷா என ஜம்உ செய்வது ஷாஃபிஈ மத்ஹபில் முஸாஃபிருக்கு அனுமதி. ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரஃபா, முஸ்தலிஃபாவில் மட்டுமே.

• நண்பகலில் புறப்படும் விமானமானால், பெரும்பாலும் அதற்காகத் தொழுகை கழாவாக வேண்டிய அவசியம் வராது. பலாலியில் இறங்கிய பிறகும் லுஹர் நேரம் மீதமிருக்கும்.

• வெள்ளிக்கிழமை நண்பகல் விமானம் ஜும்ஆவைத் தவறவிடச் செய்யும். ஜும்ஆ கடமையானவர் ஃபஜ்ருக்குப் பின் அவ்வாறு புறப்படுவதை ஷாஃபிஈ மத்ஹப், தக்க காரணமின்றி அனுமதிப்பதில்லை. நாளை நாமே தேர்ந்தெடுக்க முடிகிறபோது வேறு நாளை எடுப்பது நல்லது.

நோன்பும் சூரியனும்

இரு ஊரின் கடிகாரமும் ஒன்றே என்றோம். இலங்கை 1996 முதல் சில ஆண்டுகள் வேறு நேரத்தைப் பின்பற்றி, 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்குத் திரும்பியது. ஆனால் கடிகாரம் ஒன்றாக இருப்பதால் சூரியனும் ஒன்றாக மறையும் என்று எண்ணிவிடக் கூடாது. யாழ்ப்பாணம் திருச்சிக்குக் கிழக்கே 1.36 பாகை தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். அதன்படி யாழ்ப்பாணத்தில் நண்பகல் சுமார் ஐந்தரை நிமிடம் முந்தி வருகிறது. சூரிய அஸ்தமனம் பருவத்தைப் பொறுத்து 4 முதல் 7 நிமிடம் வரை முந்துகிறது. ஆகவே ரமழானில் திருச்சி அட்டவணையை யாழ்ப்பாணத்தில் பயன்படுத்தினால் ஸஹர் முடிவில் பிழை வரும். யாழ்ப்பாண அட்டவணையைத் திருச்சிக்குக் கொண்டுவந்தால் இஃப்தாரில் பிழை வரும். நோன்பே கேள்விக்குள்ளாகிவிடும். எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊரின் நேரமே உங்கள் நேரம்.

மாலை நேர விமானம் ஒன்றில் இருந்தால், உயரத்தில் சூரியன் சற்று அதிக நேரம் தெரியும். 5 கிலோமீட்டர் உயரத்தில், கீழே தரையில் மறைந்த பிறகும் சில நிமிடங்கள் சூரியன் தெரியும். கீழே உள்ள ஊரில் பாங்கு சொல்லியிருப்பார்கள் என்பதற்காக, கண்ணெதிரே சூரியன் இருக்கும்போது நோன்பு திறக்கக் கூடாது. இறங்கித் திறந்துகொள்ளலாம், அல்லது ஜன்னலில் சூரியன் மறைவதைப் பார்த்துத் திறக்கலாம்.

இன்னொன்று: ஃபஜ்ருக்குப் பிறகு வீட்டிலிருந்து புறப்படுபவர், அன்றைய நோன்பைப் பயணத்தைக் காரணமாகச் சொல்லி விட்டுவிடுவதற்கு ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் அனுமதி இல்லை. ஃபஜ்ருக்கு முன்பே ஊர் எல்லையைத் தாண்டியவருக்குத்தான் சலுகை. நோயாளிகளின் சட்டம் வேறு. அதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன்

• கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் முதியவர்களின் கடவுச்சீட்டையும் அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். மவ்த் செய்தி வந்த நாளில் புதுப்பிக்க முடியாது.

• இந்தியர்கள் இலங்கை செல்ல இ.டி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதியும், இலங்கையர் இந்தியா வர வீசாவும் பெற வேண்டும். கட்டணமும் விதிகளும் மாறுகின்றன. அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டும் பாருங்கள்.

• சிறிய விமானத்தில் மேலே பை வைக்கும் இடம் குறுகலானது. அனுமதிக்கப்பட்ட எடையைப் பயணச்சீட்டில் பார்த்து, பெட்டியை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள்.

• விமானம் இறங்கும் அதே நாளில் நிக்காஹ், மருத்துவர் சந்திப்பு, அடுத்த விமானம் ஆகியவற்றை வைத்துக்கொள்ளாதீர்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் இடைவெளி அவசியம்.

• விமான நாட்களும் நேரங்களும் பருவத்துக்குப் பருவம் மாறும். போன முறை போன நேரத்தை நம்பிப் புறப்படாதீர்கள்.

தூரம் வேறு, நேரம் வேறு. தொழுகையின் சலுகைக்குத் தூரத்தைப் பாருங்கள். நோன்பு திறக்கச் சூரியனைப் பாருங்கள். குடும்பத்துக்கு வாக்குக் கொடுக்கும்போது வாசலிலிருந்து வாசல் வரை உள்ள நேரத்தைப் பாருங்கள். நம்மை அழைத்த சகோதரருக்கு அன்று நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: "தம்பி, இன்றைக்குக் கிடைக்காது. அடக்கத்தைத் தாமதிக்க வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். ஷாஃபிஈ மத்ஹபில் காயிப் ஜனாஸாவுக்கு இடமுண்டு. இங்கே ஜமாஅத்தோடு தொழுதுவிட்டு, நாளைய விமானத்தில் நிதானமாகப் போய் வாருங்கள்."

அந்தத் தாயின் மறுமை வாழ்வை வல்ல அல்லாஹ் சிறப்பாக்கி வைப்பானாக! கடல் பிரித்து வைத்த உறவுகளைச் சேர்த்து வாழும் நல்வாய்ப்பை நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.